கல்லறை பெற்ற கர்னலும் பெயரில்லாச் சிப்பாய்களும்

பாலக்காட்டு எல்லையில் வாழும் தமிழ் நேயர்களுக்கு, அகழி சூழ்ந்து ஊரின் நடுவே நிற்கும் கோட்டை நன்கு தெரிந்ததே. கொங்கு நாட்டிலிருந்து மலையாளக் கரைக்குச் செல்லும் கணவாய் வழியைக் காப்பதற்காக, 1766-ஆம் ஆண்டில் ஹைதர் அலி எழுப்பிய கோட்டை அது. போர்க்கைதியாக மாண்ட ஒருவரின் கதையிலும் அக்கோட்டைக்கு ஓர் இடம் உண்டு.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் வளைத்துக்கொண்டனர். பெய்லியிடம் இருந்தவர் ஏறத்தாழ 3,800 பேர். அவர்களுள் மிகப் பலர் சென்னை ராஜதானியின் சிப்பாய்கள். சில மைல் தொலைவில், காஞ்சியில் இருந்த ஜெனரல் மன்றோ உரிய வேளையில் துணைக்கு வரவில்லை. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, அணி குலைந்தது. காயமுற்ற பெய்லி சரணடைந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 1782 நவம்பர் 13 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிர் நீத்தார்.

மறு ஆண்டு நவம்பரில் கர்னல் புல்லர்ட்டன் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். அங்கிருந்து கோயமுத்தூருக்கு முன்னேறி, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீதே படையெடுக்க எண்ணினார். அதற்குள் சமாதானப் பேச்சு குறுக்கிட்டது. 1784 மார்ச் 11-இல் ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கையின்படி கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது. பெய்லியோடு பிடிபட்ட காப்டன் டேவிட் பெயர்டு உயிருடன் வெளிவந்தார். 1799-இல் அந்நகரின் மதிலைத் தாக்கிய படையை நடத்தியவர் அவரே. பெய்லிக்கோ விடுதலை ஏறக்குறைய பதினாறு மாதம் பிந்திவிட்டது.

வென்றவர் அப்போரை தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தார். அதில் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். தோற்றவருக்கு, அவருடைய உறவினர் ஒருவர் 1816-இல் அந்நகரிலேயே நினைவு மண்டபம் எழுப்பினார். ஆனால் அவருடன் நின்று போரிட்ட, தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்களுக்குத் தனித்தனிப் பெயர் பொறித்த கல் ஏது? மாதச் சம்பளத்துக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள் அவர்கள். அவர்களுடைய வீடுகளிலும் வழிபார்த்திருந்த தாய்மார் இருந்திருப்பார்கள் அல்லவா?

பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு, வேற்றூரில் சாவதன் துயரம் புதிதன்று. ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லும்போது பெய்லியின் மண்டபத்தை அவசியம் பார்ப்போம். சிறையில் மாண்ட வீரருக்கு உரிய மரியாதையைச் செலுத்துவோம். அதோடு, அக்கல்லில் இடம்பெறாதவர்களையும் ஒரு கணம் நினைப்போம். அவர்களும் நம்மவர்களே.