வாகன நிறுத்துமிட விபத்துகளில் சட்டப் பொறுப்பு

வாகன நிறுத்துமிட விபத்துப் பொறுப்பு என்பது, வாகனங்களை நிறுத்துவதற்காக ஒதுக்கப்பட்ட கட்டடத்திலோ மனையிலோ ஒருவர் காயமுற்றால் அல்லது இறந்தால் அதற்கான இழப்பீட்டை யார் தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சட்ட விதிகளைக் குறிக்கும். இங்கிலாந்தில் இடத்தைக் கைவசம் வைத்திருப்போரின் பொறுப்பு பற்றி 1957 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தீங்கியல் சட்டம், இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), மோட்டார் வாகனச் சட்டம் (1988), நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) ஆகியவற்றிலிருந்தும் நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்தும் இவ்விதிகளைத் திரட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

மதுரைச் சூழல்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி அம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு அடுக்கடுக்கான சதுர வீதிகளாக அமைந்தது. மக்கள் நடப்பதற்கும் தேர் ஓடுவதற்கும் ஏற்றவை இவ்வீதிகள். கார்களை நிறுத்துவதற்கு அல்ல. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வாகனங்களுக்குத் தடை உள்ளது. ஆகவே வருவோர் தம் வாகனங்களைச் சற்று வெளியே நிறுத்திவிட்டு நடந்து செல்கின்றனர். சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. இவை தவிர வணிக வளாகங்களின் நிலவறைகள், திருமண மண்டபங்களின் முற்றங்கள், மாட்டுத்தாவணி, திருமங்கலம், மேலூர் போன்ற இடங்களில் பேருந்து நிலையங்களை ஒட்டிய தகரக்கூரை ஸ்டாண்டுகள் எனப் பலவகை நிறுத்துமிடங்கள் உள்ளன. இவற்றுள் பலவற்றில் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்னும் பலகையையோ, சீட்டின் பின்புறம் அதே சொற்களையோ காணலாம். இச்சொற்களுக்குச் சட்டத்தில் எவ்வளவு வலு உண்டு என்பதே இத்துறையின் முதன்மையான கேள்வி ஆகும்.

அறிவிப்புப் பலகையின் வலு

இக்கேள்விக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் அனைவரும் படிக்கும் விடை இலண்டனிலிருந்து வருகின்றது. தார்ண்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங் என்னும் அவ்வழக்கின் வாதி ஓர் எக்காள இசைக்கலைஞர். அவர் 1964 ஆம் ஆண்டு பிபிசி நிகழ்ச்சியொன்றிற்குச் செல்லும் வழியில் தம் காரைப் பல அடுக்கு நிறுத்தகத்தில் விட்டார். நுழைவாயிலில் தானியங்கி இயந்திரம் ஒரு சீட்டைத் தந்தது. நிறுத்தகத்தில் வைக்கப்பட்டுள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று அதில் சிறிய எழுத்தில் இருந்தது. உள்ளே ஒரு தூணில் ஒட்டப்பட்டிருந்த அந்நிபந்தனைகளில், வாடிக்கையாளரின் காயத்திற்கும் நிர்வாகம் பொறுப்பேற்காது என்ற வரி இருந்தது. திரும்பி வந்து காரை எடுக்கும்போது அவர் பலத்த காயமுற்றார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை. கார் உள்ளே வந்து இயந்திரம் இயங்கியபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இயந்திரத்துடன் பேரம் பேச இயலாது. அதன் பின் கைக்கு வரும் சீட்டு புதிய நிபந்தனையைச் சேர்க்க முடியாது என்பது நீதிபதி டென்னிங் பிரபுவின் காரணம். உடற்காயத்திற்கான பொறுப்பையே மறுக்கும் நிபந்தனை என்றால் அது வாடிக்கையாளரின் கண்ணில் தவறாமல் படும்படி காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அதே சமயம் விபத்தில் பாதித் தவறு வாதியினுடையது என்றும் முடிவு செய்யப்பட்டிருந்தது. பலகை தோற்றது என்பதனால் முழு இழப்பீடும் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. காயமுற்றவரின் பங்களிப்புக் கவனக்குறைவுக்கு ஏற்பத் தொகை குறையும். இந்தியாவிலும் இதுவே நடைமுறை. ஆங்கிலத் தீர்ப்புகள் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. எனினும் தீங்கியல் துறையில் அவை தொடர்ந்து எடுத்தாளப்படுகின்றன.

இந்திய உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தாஜ் மகால் ஓட்டல் எதிர் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் என்ற வழக்கில் இதனை ஒட்டிய நிலையை எடுத்தது. டெல்லியில் 1998 இல் ஓட்டல் பணியாளரிடம் சாவியுடன் ஒப்படைக்கப்பட்ட கார் திருடப்பட்டது. நிறுத்துவது உரிமையாளரின் பொறுப்பிலேயே என்று சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டதனால் ஒப்பந்தச் சட்டம் 148 ஆம் பிரிவின்படி ஒப்படைப்பு ஏற்பட்டது என்றும், தன் பணியாளரின் கவனக்குறைவுக்கு அச்சிட்ட வரியைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. அங்கு இழந்தது பொருள் மட்டுமே. பொருளுக்கே இவ்வாறெனில் எலும்பு முறிந்தவரிடம் அதே வரியைக் காட்டுவது இன்னும் கடினம் என்று கொள்வதில் தவறில்லை.

கட்டுப்பாடும் பொறுப்பும்

காயத்திற்குப் பொறுப்பானவரைத் தேடும்போது பட்டா யார் பெயரில் உள்ளது என்பதைவிட, அவ்விடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஊராட்சியோ நகராட்சியோ ஸ்டாண்டை ஏலம் விட்டிருந்தால் அன்றாட நிர்வாகம் குத்தகைதாரரைச் சேரும். எரியாத விளக்கு, துடைக்கப்படாத எண்ணெய், வேகத்தடுப்பு இல்லாத சாய்தளம் ஆகியவற்றிற்கு அவரே முதலில் பதில் சொல்ல வேண்டியவர். கூரையே இடிந்து விழுந்தால் கட்டட உரிமையாளரும் தப்ப இயலாது. டெல்லி சாந்தினி சவுக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு 1950 இல் சரிந்து பலர் இறந்தனர். ஏறத்தாழ 80 ஆண்டுப் பழமையான அக்கட்டடம் தானாக இடிந்து விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்று உச்ச நீதிமன்றம் 1966 இல் தீர்ப்பளித்தது. குறை வெளியே தெரியவில்லை என்ற பதில் ஏற்கப்படவில்லை.

உப்கார் வழக்கு

இந்தியாவில் வாகன நிறுத்துமிடம் ஒன்றிலிருந்து தொடங்கிய பேரழிவுகளுள் பெரிதும் அறியப்பட்டது டெல்லி உப்கார் திரையரங்கத் தீவிபத்து ஆகும். இது பொதுவாகத் திரையரங்க விபத்தாகவே நினைவுகூரப்படுகின்றது. தீ பிடித்தது தரைத்தள வாகன நிறுத்தத்தில் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1997 ஜூன் 13 அன்று அங்கிருந்த மின்வாரிய மின்மாற்றியில் தீ மூண்டது. கசிந்த எண்ணெய் அருகில் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்த கார்களுக்குத் தீயைக் கொண்டு சென்றது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிடக் கூடுதலான கார்களுக்கு அங்கு இடம் தரப்பட்டிருந்தது. புகை படிக்கட்டு வழியே மேலேறி மாடி இருக்கைகளில் இருந்தோரைச் சூழ்ந்தது. கூடுதல் இருக்கைகளால் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தீயால் அன்றி மூச்சுத் திணறலால் மாண்டனர்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2003 இல் திரையரங்க உரிமதாரருக்கு 55 விழுக்காடும், மாநகராட்சி, உரிமம் வழங்கிய காவல்துறை, மின்வாரியம் ஆகிய மூன்றுக்கும் தலா 15 விழுக்காடும் பொறுப்பு என்று பிரித்தது. உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 13 அன்று இதனை மாற்றியது. உரிமதாரருக்கு 85, மின்வாரியத்திற்கு 15 என்றாக, மாநகராட்சியும் காவல்துறையும் விடுவிக்கப்பட்டன. 20 வயதுக்கு மேற்பட்டோரின் இறப்புக்கு 18 இலட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீடு 10 இலட்சமாகவும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 15 இலட்சம் என்றிருந்தது 7.5 இலட்சமாகவும் குறைந்தன. தண்டனை இழப்பீடு இரண்டரைக் கோடியிலிருந்து 25 இலட்சமாயிற்று.

அனுமதியும் உரிமமும் வழங்கும் அமைப்பு தன் கடமையில் தவறியது என்பதனால் மட்டும் இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற இம்முடிவு இன்றும் விவாதிக்கப்படுகின்றது. மதுரையில் தனியார் வளாகத்தின் நிலவறையில் விபத்து நேர்ந்தால் வரைபட அனுமதி தந்த மாநகராட்சியைப் பொறுப்பாக்குவது எளிதன்று என்பது இதன் விளைவு. மாநகராட்சியே கட்டி நடத்தும் நிறுத்தகத்தின் நிலை வேறு. அங்கு அது அனுமதி வழங்குபவர் அல்ல, இடத்தின் உரிமையாளர்.

ஓட்டுநரும் பொது இடமும்

நிறுத்துமிடங்களில் நகரும் வாகனங்களும் காயங்களை விளைவிக்கின்றன. 2023 மே மாதம் ஐதராபாத்தின் ஹயத்நகரில், கட்டட வேலைக்கு வந்த தாய் வெயிலுக்கு அஞ்சி அருகிலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் தன் குழந்தையை உறங்க வைத்திருந்தார். உள்ளே வந்த கார் ஏறியதில் குழந்தை இறந்தது. இத்தகைய நிகழ்வில் காப்பீடு செல்லுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆம் பிரிவு "பொது இடத்தில்" ஓடும் வாகனத்திற்கே மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றது. பொதுமக்களுக்கு நுழைய உரிமை உள்ள இடமே பொது இடம் என்பது 2(34) ஆம் பிரிவின் வரையறை. நிலவறை தனியார் இடம், எனவே பணம் தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதிடுவதுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் 1990களின் இறுதியில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. தனியாருக்குச் சொந்தமானாலும், அனுமதி பெற்றேனும் மக்கள் வந்து செல்லும் இடம் பொது இடத்தில் அடங்கும் என்பது அதன் நிலைப்பாடு. தமிழ்நாட்டில் வழக்காடுவோருக்கு இது பெரும் துணை. ஓடாமல் நிற்கும் வாகனத்தால் நேர்ந்த தீங்கும் "வாகனப் பயன்பாட்டில்" சேரும் என்பதை, கவிழ்ந்து கிடந்து சில மணி நேரம் கழித்து வெடித்த பெட்ரோல் லாரி தொடர்பான 1991 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து அறியலாம்.

வழக்கிடும் இடமும் காலமும்

வாகனத்தால் நேர்ந்த காயத்திற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். சென்னையில் அடிபட்ட உசிலம்பட்டிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 இல் திருத்தப்பட்டு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். இவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது.

வழுக்கி விழுதல், மேற்பூச்சு பெயர்ந்து விழுதல், மின்தூக்கிக் கோளாறு போன்றவற்றிற்கு இத்தீர்ப்பாயம் வழியன்று. கட்டணம் செலுத்தியவர் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். முற்றிலும் இலவசமான சேவை நுகர்வோர் சட்டத்தில் அடங்காது. ஆனால் தாஜ் வழக்கில், இலவசம் எனப்பட்ட நிறுத்தும் வசதியின் விலை ஓட்டல் கட்டணத்திலேயே அடங்கியிருப்பதாகக் கொள்ளப்பட்டது. உரிமையியல் நீதிமன்றத்தில் காயத்திற்கு மூன்று ஆண்டும், இறப்பிற்கு இரண்டு ஆண்டும் வரம்பு. மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்கிதாவின் 106 ஆம் பிரிவில் குற்ற வழக்கும் பதிவாகலாம். 2024 ஜூலைக்கு முந்தைய நிகழ்வுகளுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு பொருந்தும்.

இவ்வெல்லா வரம்புகளையும்விட முன்னதாக முடிந்துவிடும் வரம்பு ஒன்று கண்காணிப்புக் கேமராவில் உள்ளது. வட்டு நிறைந்தவுடன் பழைய பதிவின் மீதே புதியதை எழுதும்படி இக்கருவிகள் அமைக்கப்படுகின்றன. பல இடங்களில் சில வாரங்களில் பதிவு அழிந்துவிடும். எனவே நாளும் நேரமும் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு நிர்வாகத்திற்கு உடனே எழுத்தில் கடிதம் தந்து ஒப்புதல் பெறுவது நன்று. பின்னர் அப்பதிவின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63 ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். நிறுத்தச் சீட்டின் தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வகையைச் சேர்ந்தது. மதுரை வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் எழுத்து மங்கிவிடும் என்பதால் அதனையும் அன்றே படம் எடுத்து வைத்தல் வேண்டும்.