புள்ளிராஜாவுக்குப் பணம் கொடுத்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

புள்ளிராஜாவை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2000களின் தொடக்கத்தில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகளில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டிருப்பார்கள். ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் வகுப்பில் பட்ட பாடு தனிக்கதை. அந்த விளம்பரத்துக்கான பணம் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு அமைப்பிடமிருந்து வந்தது என்பது அன்றைக்கு நம்மில் பலருக்குத் தெரியாது.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தார். ஜூலை 1ஆம் தேதியோடு யுஎஸ்எய்டு அமைப்பே இல்லாமல் போனது. அந்தச் செய்திகள் வந்த சமயத்தில் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், ஜி.எச்.ல குடுக்கிற எச்ஐவி மாத்திரை நின்னு போயிருமா?" நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு முப்பது வருஷ வரலாறு இருக்கிறது.

1986ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் நோய் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

1992ல் மத்திய அரசு நாகோ எனப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு உலக வங்கி 8.4 கோடி டாலர் தந்தது. அது தானம் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பணம் வந்தாலும் அரசு நடைமுறையில் ஒவ்வொரு ஃபைலும் மேசை மேசையாக நகர வேண்டும். தமிழ்நாடு 1994ல் இதற்கென்று தனிச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தது. பொறுப்பு அரசு அதிகாரிகளிடமே இருக்கும், செலவு செய்வதில் மட்டும் தாமதம் குறையும். நாட்டிலேயே முதலில் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன.

1995ல் யுஎஸ்எய்டின் ஒரு கோடி டாலர் திட்டம் தமிழ்நாட்டில் வேலையைத் தொடங்கியது. அதை நடத்தியது அமெரிக்கக் கம்பெனி அல்ல. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி சென்னையில் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனைதான் நடத்தியது. லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் என்று ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். புள்ளிராஜா அந்தத் திட்டத்தின் பிள்ளைதான்.

நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. தேனி, திண்டுக்கல், மதுரை என்று பல ஊர்களிலிருந்து வயசுப் பிள்ளைகள் வந்து ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஊர் இது. இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். குடும்பத்தை விட்டு வந்த ஆட்கள் நிறைந்த இடங்களில் இந்த நோய் எளிதாகப் பரவும். அந்த நாளில் நாட்டின் அதிக பாதிப்புள்ள ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் நோய் இருந்தது. இன்று அது ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது.

அடுத்து வந்தது பில் கேட்ஸ் அறக்கட்டளை. 2002ல் இந்தியாவுக்கு 10 கோடி டாலர் அறிவித்தது, பிறகு தொகை கூடியது. 'அவஹான்' என்ற அந்தத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்தது. இதில் கவனிக்க வேண்டியது, 2009 முதல் படிப்படியாக அந்தப் பணிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. கொடுப்பவர் ஒருநாள் போவார் என்று தெரிந்தே கணக்குப் போட்டிருந்தார்கள்.

மாத்திரையின் கதை இன்னும் முக்கியம். ஒருவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை 2001ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி, தொண்டு அமைப்புகளுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. விலை இறங்கியதால்தான் அரசால் சுமக்க முடிந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் இலவச மருந்து தொடங்கியது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு ஒதுக்கியது 15,471 கோடி ரூபாய். அது மத்திய அரசின் பணம். மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

பல நாடுகளில் நிலைமை வேறு. மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளில் மருந்தே பெருமளவு வெளிப்பணத்தில்தான் வருகிறது. தென்னாப்பிரிக்க அரசு மருந்தைப் பெரும்பாலும் தன் பணத்தில் வாங்குகிறது. ஆனால் அமெரிக்கப் பணத்தில் சம்பளம் வாங்கிய ஆயிரக்கணக்கான ஊழியர்கள் 2025ல் வேலை இழந்தார்கள். மாத்திரை அலமாரியில் இருக்கும், வராதவரை வீடு தேடிப் போய் அழைத்து வர ஆள் இருக்காது.

அது நம் நாட்டிலும் நடந்தது. ஹைதராபாத்தில் திருநர்களுக்காக 2021ல் திறந்த 'மித்ர்' கிளினிக் அமெரிக்கப் பணம் நின்றதும் மூடப்பட்டது. சில மாதம் கழித்து டாடா அறக்கட்டளையின் உதவியோடு வேறு பெயரில் திறந்தார்கள்.

சொந்தப் பணம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2022ல் சில மருந்துகள் கிடைக்காமல் நோயாளிகள் டெல்லியில் நாகோ அலுவலகத்தின் முன்னால் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் அரசிடம் போய் உட்கார்ந்து கேட்க முடிந்தது. மொசாம்பிக்கில் இருக்கும் நோயாளி வாஷிங்டன் வாசலில் போய் உட்கார முடியுமா?

திருப்பூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒரே நாட்டுப் பையரை நம்பியிருந்த கம்பெனிகள் என்ன பாடுபட்டன என்று பார்த்தோம். வெளிப்பணம் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அது இல்லாமல் இந்த நோய் இவ்வளவு குறைந்திருக்காது. வரும்போதே அதை வைத்து நம் மருத்துவமனையையும் நம் ஆட்களையும் வளர்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை விஷயத்தில் அதைச் செய்தோம். வீடு வீடாகப் போய்ப் பேசும் களப்பணியாளர் விஷயத்தில் இன்னும் முழுதாகச் செய்யவில்லை.

இன்று கம்பெனி நடத்தும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாத்திரையை ஆயுள் முழுக்க, ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கட்டிங்கிலோ செக்கிங்கிலோ இருப்பவர் அரை நாள் லீவு கேட்டால், என்ன நோய் என்று துருவாமல் கொடுங்கள். நோய் இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற எண்ணில் பேசலாம், கட்டணம் கிடையாது. இந்த எண்ணை இந்தியிலும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவையுங்கள்.