அவசரகாலம்: ஒரு சொல்லும் ஒரு நகரசபையும்

‘நோற்ஸ்ராண்ட்’ என்பது ஜேர்மன் மொழியில் அவசரகால நிலையைக் குறிக்கும் சொல். அவசரகாலச் சட்டம் என்றால் என்னவென்று எமது நாட்டு வாசகருக்கு எடுத்து விளக்க வேண்டிய தேவை இல்லை. ஜேர்மனிய மக்களும் அதனை நன்கு அறிந்தவர்களே. வைமார்க் குடியரசின் அரசியலமைப்பில் 48-ஆம் உறுப்புரை சனாதிபதிக்கு அவசரகால அதிகாரம் வழங்கியிருந்தது. 1933 பெப்ரவரி 28-இல் அதே உறுப்புரையின் பெயரால்தான் பேச்சுரிமையும் கூட்டங்கூடும் உரிமையும் பறிக்கப்பட்டு, ஹிற்லரின் கொடுங்கோன்மைக்கு வழி திறக்கப்பட்டது. இந்த நினைவு அழியாதிருந்தமையினாலேயே, 1968 மே மாதத்தில் மேற்கு ஜேர்மனியின் கூட்டரசாங்கம் அடிப்படைச் சட்டத்தினுள் அவசரகால ஏற்பாடுகளைப் புகுத்த முற்பட்டபோது, மாணவரும் தொழிற்சங்கத்தினருட் பலரும் தலைநகர் பொன்னை நோக்கி அணிவகுத்தனர். மே 30-ஆம் திகதி பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. மாணவர் தோற்றனர், ஆயினும் அச்சொல் அந்தத் தலைமுறையின் நாவிற் கசந்தே நின்றது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் அதே நாட்டின் மாணவர் ஒரு நகரசபையிடம் சென்று, அவசர நிலையைப் பிரகடனஞ் செய்யுமாறு தாமே கேட்டனர். 2019 மே 2-ஆம் திகதி கொன்ஸ்ரன்ஸ் நகரசபை அவ்வாறே ஒருமனதாகத் தீர்மானித்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை இத்தகையதொரு பிரேரணையை ஏற்றதற்கு மறுநாள் அது. காலநிலை அவசர நிலையை அறிவித்த முதலாவது ஜேர்மன் நகரம் கொன்ஸ்ரன்ஸ் ஆயிற்று. பாட்டன்மார் வெறுத்த சொல்லைப் பேரன்மார் ஏன் கையிலெடுத்தனர்? அதனால் அவர்கள் பெற்றது யாது? இவ்விரு வினாக்களுமே இங்கு எம்முன் நிற்பன.

கொன்ஸ்ரன்ஸ், சுவிற்சலாந்து எல்லையோடு ஒட்டி, பெரும் ஏரியொன்றிலிருந்து றைன் நதி வெளிப்படும் இடத்தில் அமைந்த நகரம். மக்கள் தொகை ஏறத்தாழ 85 ஆயிரம். சமயச் சீர்திருத்தவாதி யான் ஹூஸ் 1415-இல் இங்குதான் உயிரோடு எரிக்கப்பட்டார். 1848 ஏப்ரிலில் குடியரசுவாதி பிரீட்றிக் ஹெக்கர் தமது ஆயுதக் கிளர்ச்சியை இங்கிருந்துதான் தொடங்கினார். 1966-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றும் இங்குண்டு. எனினும், பழம் பெருமை கொண்டு 2019-இன் நிகழ்ச்சியை விளக்க முற்படுவது வரலாற்று முறையாகாது. கிளர்ச்சி மரபு ஓர் ஊரின் காற்றிலே கலந்திருப்பதாகக் கூறுவோர் கவிஞராயிருத்தல் கூடும். காரணங்களை நாம் வேறிடத்திலேயே தேடல் வேண்டும்.

2018 ஓகஸ்ட் 20-ஆம் திகதி ஸ்ரொக்கோமில் சுவீடன் பாராளுமன்றத்தின் முன் கிறேற்றா துன்பேர்க் என்னும் 15 வயது மாணவி தனியே அமர்ந்து தொடங்கிய பாடசாலை வேலைநிறுத்தம், சில மாதங்களில் ஜேர்மனியின் நகரங்களெங்கும் பரவியது. வெள்ளிக்கிழமைதோறும் மாணவர் வகுப்பறைகளை விட்டு வீதிக்கு வந்தனர். பாடசாலைக்குச் செல்லுதல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்ட நாட்டில் இது சிறு காரியமன்று. சுதந்திர சனநாயகக் கட்சியின் தலைவர் கிறிஸ்ரியன் லின்ட்னர் 2019 மார்ச்சில், இது நிபுணர்களுக்குரிய விடயம் என்று கூறி மாணவருக்கு அடக்கம் போதித்தார். அந்த நிபுணர்களோ அதே மாதத்தில் மறுமொழி பகர்ந்தனர். ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளைச் சேர்ந்த 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், மாணவர் கூறுவதே சரி என்று ஒப்பமிட்டனர். ஆசிரியர் தொழிலில் உள்ள எமது வாசகர் இதனை மனங்கொள்வர் என நம்புகிறோம்.

மாணவர் மத்திய அரசாங்கத்தை விட்டு நகரசபையை நாடியதேன்? இதற்கு விடை வாக்குரிமையில் இருக்கிறது. மத்திய பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஆனால் கொன்ஸ்ரன்ஸ் அடங்கிய பேடன்-வூற்றம்பேர்க் மாநிலத்தில், உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2014 முதல் 16 வயதினருக்கும் வாக்குண்டு. 2019 மே 26-ஆம் திகதி அங்கு நகரசபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. தீர்மானம் நிறைவேறியதோ அதற்கு 24 நாட்களின் முன்னர். பேர்லினில் இவர்கள் குழந்தைகள்; கொன்ஸ்ரன்சில் வாக்காளர். எல்லாக் கட்சியினரும் ஒருமித்துக் கையுயர்த்தியமைக்கு ஏரியின் வெப்பநிலை மட்டுமே காரணமென்று கருதுதல் பேதைமை. தேர்தலில் பசுமைக் கட்சியினரின் பட்டியலே முதலிடம் பெற்றது. நகர மேயராக இருந்த ஊலி பேர்க்காட் பழைமை பேணும் கிறிஸ்தவ சனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

சொல்லின் தன்மையை இனி நோக்குவோம். 1968-இன் அவசரகாலம் அரசுக்கு மக்கள் மீது அதிகாரம் வழங்குவது. 2019-இல் மாணவர் கேட்ட அவசரகாலமோ, அரசைத் தன் கடமைக்குக் கட்டுப்படுத்துவது. சொல் ஒன்றாயினும் அதன் திசை தலைகீழாயிற்று. இந்த வேறுபாட்டைப் பெரியோர் சிலர் உணராது அஞ்சினர். உணர்ந்தோர் அதனை வேறுவிதமாகப் பயன்படுத்தினர். ஏனெனில், ஜேர்மன் நகரங்கள் தொடர்ந்து இயற்றிய தீர்மானங்கள் பலவற்றில், இப்பிரகடனம் அடையாள முறையானது, இதிலிருந்து சட்ட விளைவு எதுவும் எழாது என்றொரு வாசகம் சேர்க்கப்பட்டது. உரிமையைப் பறிக்காத அவசரகாலம் நன்றே. ஆனால் கடமையையும் சுமத்தாத அவசரகாலம் எதற்கு?

எனினும், கொன்ஸ்ரன்ஸ் தீர்மானத்தை வெறுங் காகிதம் என ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. சபையின் முன் வரும் பிரேரணைகள் காலநிலையை எவ்வாறு பாதிக்கும் எனப் பரிசீலிக்கப்படவேண்டும் என்ற நடைமுறை அதனோடு வந்தது. 2021-இல் நகரம் 2035 ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் காலநிலை நடுநிலை எய்தவேண்டும் என்ற இலக்கும் வகுக்கப்பட்டது. இவை மாணவரின் கையிற் கிடைத்த அளவுகோல்கள். அளவுகோல் கிடைத்ததும் அளக்கத் தொடங்கினர். அப்பொழுதுதான் நகரசபையின் கை எவ்வளவு குட்டையானது என்பது வெளிப்பட்டது.

அந்நாட்டு அடிப்படைச் சட்டத்தின் 28-ஆம் உறுப்புரை உள்ளூராட்சிக்குத் தன்னாட்சி உரிமையை உறுதிப்படுத்துகிறது. ஆனால் காலநிலைப் பாதுகாப்பு நகரசபைகளின் கட்டாயக் கடமையாக வைக்கப்படவில்லை; பணமிருந்தால், விருப்பமிருந்தால் செய்யலாம் என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றது. அதற்கு மேலாக, நகரமே தன் முரண்பாட்டிற் சிக்கியிருந்தது. நகருக்குச் சொந்தமான பொதுச் சேவைக் கம்பனி, வீடுகளைச் சூடாக்க இயற்கை எரிவாயுவை விற்பது. மீர்ஸ்பேர்க்கிற்கு மோட்டார் வாகனங்களை ஏற்றிச் செல்லும் பாதைக் கப்பல்களையும் 1928 முதல் நகரமே நடத்தி வருகிறது. எல்லைக்கு அப்பாலிருந்து சுவிஸ் மக்கள் மலிவான பொருள் வாங்கக் காரேறி வருகின்றனர். நகரின் கடைக்காரர் வாழ்வதும், வீதிகள் திணறுவதும் அவர்களாலேயே. காரைத் தடுப்பின் கடை எதிர்க்கும். காரை விடின் தீர்மானம் நகைப்புக்கிடமாகும்.

எல்லாவற்றினும் கடினமானது வீட்டுப் பிரச்சினை. கொன்ஸ்ரன்ஸ் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சின் அழிவுக்குத் தப்பிய நகரம். ஆதலால் அதன் பழைய வீடுகள் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. அழகியல் நோக்கிற் பார்ப்போர்க்கு இது பேறு. குளிர்காலத்தில் அவற்றைச் சூடாக்கும் செலவைக் கொடுப்போர்க்கு அன்று. சுவர்களுக்கு வெப்பக்காப்பு இட்டு, சாளரங்களையும் சூடாக்கும் பொறிகளையும் மாற்றினால் எரிபொருள் குறையும், காபனீரொட்சைட்டும் குறையும். இதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் வீடு யாருடையது? செலவு யாருடையது? ஜேர்மன் குடியியற் சட்டக் கோவையின் 559-ஆம் பிரிவின்படி, வீட்டுச் சொந்தக்காரர் புதுப்பித்தற் செலவில் ஆண்டுக்கு 8 சதவீதத்தை வாடகையோடு சேர்த்து அறவிடலாம். 2019-க்கு முன்னர் அது 11 சதவீதமாயிருந்தது. உச்ச வரம்புகள் உண்டெனினும், செலவு முழுவதும் தீர்ந்த பின்னரும் ஏறிய வாடகை இறங்குவதில்லை. ஆக, பூமியைக் காக்கும் வேலைக்குக் குடியிருப்போர் பணம் கொடுக்கின்றனர். பெறுமதி உயர்ந்த வீடு சொந்தக்காரரிடம் எஞ்சுகிறது. மாணவரும் கூலியுழைப்போரும் வாடகைச் சுமையால் ஏலவே நசுங்கும் நகரில், காலநிலை நடவடிக்கை என்ற சொல்லே ஏழைக்கு அச்சமூட்டுவதாக மாறும் ஆபத்து இங்குதான் பிறக்கிறது. சொத்துடைமை உறவைத் தொடாது சுவரை மட்டுந் தொடும் சீர்திருத்தத்தின் இயல்பு இது. நகரசபை இச்சட்டத்தை மாற்ற இயலாது. அது பேர்லினின் கையிலுள்ளது.

2020 இலையுதிர் காலத்து மேயர் தேர்தலில் இக்கேள்விகள் மேடையேறின. இடதுசாரி வேட்பாளர் லூய்ஜி பன்ரிசானோ காலநிலையையும் வாடகையையும் இணைத்துப் பேசினார். முதற் சுற்றில் அவரே முன்னணியில் நின்றார். ஒக்ரோபரில் நடந்த இரண்டாஞ் சுற்றில் பேர்க்காட் மீண்டும் வென்றார். தீர்மானத்துக்கு ஒருமனதாகக் கையுயர்த்திய நகரம், அதனை எவ்வழியில் நிறைவேற்றுவது என்பதில் இரண்டாகப் பிரிந்து நின்றது.

2021 மார்ச்சில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், 2019-இன் காலநிலைச் சட்டம் ஒரு பகுதியளவில் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. இன்று சுமையைத் தள்ளிவைத்தால் நாளைய தலைமுறையின் சுதந்திரம் குறுகிவிடும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்காளருள் பங்களாதேஷ், நேபாள நாட்டினரும் இருந்தனர் என்பது அதிகம் பேசப்படவில்லை. அவர்கள் தொடர்பில் நீதிமன்றம் உரிமை மீறல் எதனையும் காணவில்லை. சுதந்திரத்தின் தேச எல்லை அங்கே தெளிவாக வரையப்பட்டது.

இயக்கத்தின் குறையையும் நாம் மறைத்தல் தகாது. 2019-இன் ஊர்வலங்களில் ஆய்வாளர் எடுத்த கணிப்புகள், பங்குபற்றியோருட் பெரும்பாலார் உயர்கல்வி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் எனக் காட்டின. தொழிற்பயிற்சி பெறும் இளைஞர், வாடகை வீட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் குறைவாகவே வந்தனர். ஆசிரியரின் மகள் வெள்ளிக்கிழமை வகுப்பைத் துறப்பதும், பயிலுநன் பட்டறையைத் துறப்பதும் ஒன்றல்ல. பின்னவனுக்கு வேலையே போய்விடும்.

இக்குறையை இயக்கமே உணர்ந்தது என்பதுதான் எமக்கு இவ்வரலாற்றிற் பெரிதாகத் தோன்றுகிறது. 2020 முதல் மாணவர், பொதுச்சேவைத் தொழிலாளரின் ‘வேர்டி’ தொழிற்சங்கத்தோடு சேர்ந்து பஸ், ட்ராம் சாரதிகளின் கோரிக்கைகளுக்காகப் பிரசாரஞ் செய்யலாயினர். காரைக் குறைக்க பஸ் வேண்டும். பஸ் ஓட சாரதி வேண்டும். சாரதி நிலைக்க உரிய சம்பளமும் ஓய்வும் வேண்டும். 2023 மார்ச் 3-ஆம் திகதி பேடன்-வூற்றம்பேர்க் உட்படப் பல மாநிலங்களில் போக்குவரத்துத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும் மாணவரின் காலநிலை வேலைநிறுத்தமும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

நாலு ஆண்டுகள் மாணவரைத் தட்டிக்கொடுத்தும் புத்திமதி கூறியும் வந்த தொழில்வழங்குநர் சம்மேளனம் அப்பொழுதுதான் வெகுண்டது. இது ஆபத்தான எல்லைமீறல் என்று அதன் பேச்சாளர் கண்டித்தார். அரசியல் நோக்கிற்காக வேலைநிறுத்தஞ் செய்யும் உரிமை ஜேர்மன் நீதிமன்றங்களால் அங்கீகரிக்கப்படவில்லை. சம்பளத்திற்கு மட்டுமே தொழிலாளி நிறுத்தலாம், பூமிக்காக அன்று. நகரசபைகள் அவசர நிலையை அறிவித்தபோது எவரும் எல்லையைப் பற்றிப் பேசவில்லை. 2024 மார்ச் 1-ஆம் திகதி மாணவரும் சாரதிகளும் மீண்டும் ஒன்றாக வீதிக்கு வந்தனர்.