இலைக்கு எழுதப்படாத வரலாறு: வீட்டுக் கொத்தமல்லி

கொத்தமல்லியின் வரலாறு என்று நூல்களில் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் அதன் விதையின் வரலாறே. இஸ்ரேலின் நஹல் ஹெமர் குகையில், புதிய கற்கால அடுக்குகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டவை காய்ந்த மல்லிக் காய்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்திய மன்னன் தூத்தன்காமூனின் கல்லறையில் ஏறத்தாழ அரை லிட்டர் மல்லி இருந்தது. எகிப்தில் இச்செடி தானாக முளைப்பதில்லை; ஆகவே அது பயிரிடப்பட்டதாகவே இருக்கவேண்டும் எனத் தொல்தாவரவியலாளர் கருதுகின்றனர். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தறிந்த லீனியர் பி எழுத்துப் பலகைகளில் 'கொ-ரி-ய-த-ன' என்னும் பெயர் அரண்மனைக் கணக்காகவே பதிவாகியுள்ளது. கல்லறை, களஞ்சியம், கணக்குப் பலகை ஆகிய மூன்றிலும் இடம்பெறுவது உலர்ந்து, அளக்கப்பட்டு, சேமிக்கப்பட்ட பொருள்.

காலையில் கிள்ளிய இலையோ மாலைக்குள் துவண்டுவிடும். அதனைக் களஞ்சியத்தில் வைக்க இயலாது. கப்பலில் ஏற்ற இயலாது. வரியாகப் பெறவும் இயலாது. கணக்கர் எழுதாத பொருளுக்கு ஆவணம் இல்லை. அடுப்பங்கரைக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய நீர் பாயும் ஈரத்தில் வளர்ந்த ஒரு பிடிக் கீரை எந்த அரசுக்கும் தேவைப்படவில்லை. இந்தியாவில் கொத்தமல்லி இலையின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

சான்றுகள் அறவே இல்லை என்பதன்று. பாணினியின் அஷ்டாத்யாயி ஒரு சூத்திரத்தையே (6.1.143) 'குஸ்தும்புரு' என்னும் சொல்லுக்கு ஒதுக்குகிறது. அச்சொல்லின் நடுவே நிற்கும் 'ஸ்' என்னும் ஒலி, அது செடியின் பெயராக வரும்போது மட்டுமே தோன்றும் என்பது விதி. கிறித்துவுக்கு முற்பட்ட சில நூற்றாண்டுகளிலேயே இலக்கண ஆசிரியர் தனியே விளக்கவேண்டிய அளவுக்கு இப்பெயர் வழக்கில் இருந்தது என்று கொள்ளலாம். அக்காதிய மொழியின் 'கிசிபிர்ரு', அரபியின் 'குஸ்பரா' ஆகியன இதனோடு ஒலியளவில் நெருங்கி நிற்கின்றன. ஒலி ஒப்புமை ஒன்றே வேருறவை மெய்ப்பித்துவிடாது. எனினும் மேற்காசியாவிலிருந்து வந்த செடி தன் பெயரையும் உடன் கொணர்ந்திருத்தல் இயல்பே.

அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில், பண்டகசாலைத் தலைவனின் கடமைகளைக் கூறும் இயலில், திப்பிலி, மிளகு, இஞ்சி, சீரகம், வெண்கடுகு ஆகியவற்றோடு குஸ்தும்புருவும் காரப்பொருள் வரிசையில் எண்ணப்படுகிறது. இதுவும் களஞ்சியமே. சரகசம்ஹிதை தாகம் தணிக்கும் பத்து மருந்துகளின் தொகுதியில் 'தான்யக'த்தைச் சேர்க்கிறது. 'தானியம்' என்னும் சொல்லோடு தொடர்புடைய இப்பெயர், மல்லியை ஒரு மணியாகவே கண்ட பார்வையைக் காட்டுகிறது. தமிழ் மருத்துவ வழக்கின் 'உருளரிசி' என்ற பெயரும் அதே பார்வையின் விளைவு. அக்பரின் ஆட்சி நடைமுறைகளைத் தொகுத்த அபுல் ஃபசலின் ஆயினி அக்பரி, சன்பூசா செய்வதற்கு இறைச்சி, மாவு, நெய், வெங்காயம் இவற்றோடு மிளகையும் மல்லி விதையையும் நிறையிட்டுக் கூறும். நிறுக்கப்படுவது மீண்டும் விதை.

வீட்டுத் தோட்டத்தை நேரடியாகப் பேசும் பழைய நூல் ஒன்று உண்டு. அது எதிர்பாராத இடத்தில் உள்ளது. கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகப் பலரும் கருதும் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம், நான்காம் அதிகரணத்தில் இல்லத்தரசியின் பொறுப்புகளை விரிக்கிறது. பசுங்கீரைப் பாத்திகள், கரும்புத் தூறுகள், சீரகம், கடுகு, அசமதா ஓமம், சதகுப்பை ஆகியவற்றை அவள் வளர்க்கவேண்டும். முள்ளங்கி, கத்தரி, பூசணி, சுரை, வெங்காயம், பூண்டு முதலியவற்றின் விதைகளை உரிய காலத்தில் எடுத்து வைத்து, உரிய காலத்தில் விதைக்கவேண்டும். சீரகம், அசமதா ஓமம், சதகுப்பை மூன்றும் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொத்தமல்லியின் பெயர் மட்டும் இப்பட்டியல்களில் இல்லை. 'பசுங்கீரைப் பாத்தி'க்குள் அது அடங்கியிருக்கக்கூடும்; அடங்கியிருந்தது என்று அறுதியிட வழியில்லை. ஆனால் இப்பகுதி வேறொன்றை ஐயமின்றிக் காட்டுகிறது: பாத்தி கட்டுவதும் விதை காப்பதும் பருவம் அறிவதும் வீட்டுப் பெண்ணின் அறிவுத்துறையாகவே எண்ணப்பட்டன. உழவு பற்றிய நூல்கள் இந்த அறிவை வேளாண்மை என்ற பெயரால் அரிதாகவே அழைத்தன.

நூல்கள் விட்டுவைத்ததை மொழிகள் காத்துள்ளன. மராத்தியில் இலை 'கொத்திம்பீர்', விதை 'தனே'. தெலுங்கில் இலை 'கொத்திமீர', விதை 'தனியாலு'. குஜராத்தியில் இலை 'கோத்மீர்', விதை 'தாணா'. குஸ்தும்புரு என்னும் பழம்பெயரின் வழிவந்த சொல் இலைக்கும், தானியத்தை நினைவூட்டும் சொல் விதைக்கும் நிலைத்திருப்பதை இங்குக் காணலாம். இந்தியில் இரண்டும் 'தனியா'தான். இலையைக் குறிக்கப் 'பச்சை' என்ற அடை சேரும். கன்னடத்தில் இரண்டும் 'கொத்தம்பரி'. சொப்பு என்றால் கீரை, பீஜ என்றால் விதை. தமிழில் கொத்தமல்லி இரண்டிற்கும் பொது. கடையில் 'தனியா' கேட்டால் விதை மட்டுமே வரும். இலைக்கெனத் தனிப்பெயர் தேவைப்பட்ட சமையலறைகள் பல இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று ஆவணக் காப்பகங்களில் கிடைப்பது கடினம். அச்சமையலறைகளின் பின்புறத்துக்கும் ஒவ்வொரு மொழியிலும் பெயர் உண்டு: தெலுங்கில் பெரடு, கன்னடத்தில் ஹித்தலு, மராத்தியில் பரஸ்பாக், தமிழில் புழக்கடை. ஹித்தலுச் செடி மருந்தாகாது என்பது கன்னடப் பழமொழி. அது வரலாற்றாசிரியருக்கும் பொருந்தும் போலும்.

வடகிழக்கு மாநிலங்களின் கதை சற்று வேறானது. மணிப்புரியில் கொத்தமல்லி 'பதிகோம்'. அதன் மணத்தையே கொண்டு, நீண்ட பல்விளிம்பு இலையோடு, மழையிலும் நிழலிலும் வாடாது வளரும் மற்றொரு செடி 'அவா பதிகோம்', அதாவது பர்மியக் கொத்தமல்லி. வங்காளிகள் அதனை 'பிலாத்தி தனே', சீமைக் கொத்தமல்லி என்பர். உண்மையில் அச்செடி பர்மாவுக்கோ சீமைக்கோ உரியதன்று. வெப்பமண்டல அமெரிக்கா அதன் தாயகம். மணிப்புரி வீடுகள் தாங்கள் அறிந்த கிழக்கையும், வங்காள வீடுகள் தாங்கள் அறிந்த மேற்கையும் அதன் பெயரில் ஏற்றிவைத்தன. மழைக்காலத்தில் அழுகிப்போகும் கொத்தமல்லிக்கு மாற்றாக அது வீட்டுத் தோட்டங்களில் ஊன்றிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டில்தான் இலைக்கு அரசு ஏடுகளில் இடம் கிடைத்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஆய்க்ராய்டு 1937இல் தொடங்கிவைத்த இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல், பின்னர் ஹைதராபாத்தில் கோபாலனும் பிறரும் விரிவாக்கியபோது, 100 கிராம் கொத்தமல்லி இலையில் 6918 மைக்ரோகிராம் கரோட்டினும் 135 மில்லிகிராம் வைட்டமின் சியும் உண்டெனக் காட்டியது. ரசத்தில் தூவும் இரண்டு கிராமுக்கு இவ்வெண்களை அப்படியே பொருத்துவது வேடிக்கையாகும். துவையலாக அரைத்து உண்ணும் வழக்கத்துக்கு அவை பொருந்தும். 1942இல் தொடங்கிய 'உணவு உற்பத்தியைப் பெருக்குக' இயக்கமும், 1960களில் பரவிய செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டமும் வீட்டுக் காய்கறித் தோட்டத்தை வற்புறுத்தின. ஏற்கெனவே செய்துவந்ததை அரசு புதிதாகச் சொல்லிக்கொடுப்பதாகப் பல வீடுகளில் எண்ணியிருக்கக்கூடும்.

வளர்க்கும் முறையில் வியத்தகு மாற்றம் ஒன்றுமில்லை. விதை எனப்படுவது இரு பாதிகள் ஒட்டிய காய். விதைக்குமுன் அதனைத் தேய்த்து இரண்டாகப் பிளப்பர். முளைக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். நாற்பது நாளளவில் இலை பறிக்கலாம். வெயில் ஏறினால் செடி இலையை விட்டுப் பூத்தண்டை உயர்த்திவிடும். மாறியது விதையின் நிலை. இலைக்காகச் செடியை வேரோடு பிடுங்கினால் விதை கிடைக்காது. ஆகவே பாத்தியின் ஓரத்தில் சில செடிகளைப் பூக்கவிடுவது பழைய வழக்கம். மாடித் தொட்டிக்கு அந்த ஓரம் இல்லை. மளிகைக்கடை மல்லியை விதைத்தால் சில வேளை முளைக்கும். பழையதாகவோ மிகையாக உலர்த்தப்பட்டதாகவோ இருப்பின் முளைக்காது. எனவே நகரத்து வீடுகள் பல ஒவ்வொரு முறையும் உறைகளில் விதை வாங்குகின்றன. வாத்ஸ்யாயனர் இல்லத்தரசிக்கு உரைத்த இரு கடமைகளுள் விதைப்பது எஞ்சியிருக்கிறது. விதை எடுப்பது கைவிட்டுப் போகிறது.

இன்றைய புள்ளிவிவரங்களிலும் மல்லி முதன்மையாக விதைநறுமணப் பயிரே. ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டியில் மூட்டைகளாக ஏலம் போவது அதில் சேரும். சன்னலோரத் தொட்டியிலிருந்து கிள்ளப்படும் இலை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.