சேஃப் ஹார்பர் ஒப்பந்தம்

சேஃப் ஹார்பர் ஒப்பந்தம் என்பது, தன் நிலத்தில் அருகிவரும் உயிரினத்துக்கு விரும்பி இடம் கொடுக்கும் உரிமையாளர்மீது அதன் பேரில் புதிய சட்டக் கட்டுப்பாடு எதுவும் விழாது என்று அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறை 2024 வரை இந்தப் பெயரில் எழுத்தில் தந்த உறுதி. இத்திட்டம் முதலில் 1995இல் வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில், ரெட்-காகேடட் மரங்கொத்திக்காகத் தொடங்கியது. முதலில் சேர்ந்தது, கோல்ஃப் மைதானங்களுக்குப் பேர்போன பைன்ஹர்ஸ்ட் விடுதி.

இந்த மரங்கொத்தி பொந்துக்காகப் பட்ட மரத்தை நாடுவதில்லை. உயிரோடு நிற்கும் முதிர்ந்த பைன் மரத்தில், பெரும்பாலும் வைரப்பகுதி பூஞ்சையால் இளகியதாகப் பார்த்து, சில சமயம் ஆண்டுக்கணக்கில் பொந்து குடைகிறது. பொந்தைச் சுற்றிச் சிறு குழிகள் கொத்தி அது வழியவிடும் பிசின், மரமேறும் பாம்புகளைத் தடுக்கிறது. அடியில் புதர் உயர்ந்துவிட்டால் பறவைகள் இடத்தைக் காலிசெய்துவிடும். அதைத் தடுக்கச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையில் தீ ஓடியாக வேண்டும். 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டமோ, தனியார் நிலத்திலும் பறவைக்குத் தீங்கு செய்யாதே என்றது. பறவையைக் கொல்லும் அல்லது காயப்படுத்தும் அளவுக்கு வாழிடத்தை அழிப்பதும் தீங்குதான் என்ற விளக்கத்தை 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வெட்டாதே என்று சொல்லலாம், தீ வைத்துப் பராமரி என்று அந்தச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. அது மட்டுமல்ல: மரம் முதிர்ந்தால் பறவை வரும், வந்தபின் கோடரி வைக்க முடியாது என்று கணக்குப் போட்டவர்கள் மரத்தை இளமையிலேயே வெட்டி விற்றார்கள். டீன் லூயெக்கும் ஜெஃப்ரி மைக்கேலும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, மரங்கொத்திகளுக்கு அருகிலிருந்த வட கரோலினா நிலங்களில் இது நடந்ததைக் காட்டியது. பறவையைக் காக்க வந்த சட்டமே அதை வேண்டாத விருந்தாளி ஆக்கியது.

ஒப்பந்தம் இந்தக் கணக்கைத்தான் மாற்றியது. சேரும் நாளில் இரண்டு பறவைக் குடும்பங்கள் இருந்தால், அந்த இரண்டைக் காப்பது கடமை. பிறகு ஐந்தானாலும் இரண்டுக்குத் திரும்ப உரிமை உண்டு. அப்படியானால் கிடைத்த மூன்றும் போய்விடாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த மூன்றும் தோன்றியே இருக்காது. மரம் வெட்டுமுன் தகவல் சொல்வதால் பறவைகளை இடம்மாற்றவும் வழி கிடைக்கிறது. சட்டத்துக்கு அடங்குபவருக்கு எதற்குச் சலுகை என்ற எதிர்ப்பும் வலுவற்றது: உரிமையாளர் செய்யும் பராமரிப்பு சட்டம் கேட்காத வேலை. நிரந்தரக் காப்பு இதில் இல்லை என்பது மட்டும் உண்மையான குறை. 2024இல் இப்பறவையின் அபாயநிலை ஒரு படி தணித்து அறிவிக்கப்பட்டது. அதில் ராணுவ முகாம்களுக்கும் தேசிய வனங்களுக்கும் பெரும்பங்கு உண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட தனியார் நிலம்தான் இந்த ஒப்பந்தத்தின் களம்.