இசைக்குறியீட்டு மென்பொருள்

மேலை இசையின் ஐந்து கோட்டு முறையில் இசையைக் கணினியில் எழுதவும், திருத்தவும், இசைத்துக் கேட்கவும், அச்சுத் தரத்தில் பக்கமாக்கவும் உதவும் நிரலை இசைக்குறியீட்டு மென்பொருள் என்பர். இசையமைப்பாளர்கள், வாத்தியக் குழுவுக்கு ஸ்கோர் (முழு இசைத்தாள்) எழுதுவோர், இசைப் பதிப்பகத்தார், இசையாசிரியர்கள் இதன் முதன்மைப் பயனர்கள். (ச ரி க ம எழுத்துகளால் எழுதும் முறைக்குச் சாதாரண எழுத்துச் செயலியே பெரும்பாலும் போதுமானது, அது இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.) 1960-களில் ஆய்வுக்கூடச் சோதனையாகத் தொடங்கிய இத்துறையில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது: கணினி சேமித்து வைப்பது இசைத்தாளின் படத்தையா, அதில் உள்ள இசையையா?

முன்வரலாறு

ஒட்டாவியானோ பெத்ருச்சி 1501-இல் வெனிசில் தனித்தனி அச்செழுத்துகளைக் கோத்துப் பல குரல் இசையை அச்சிட்டார். கோடுகள், நோட்டுகள், பாட்டு வரிகள் எனத் தாள் பல தடவை அச்சுக்குள் போய்வர வேண்டியிருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் உலோகத் தகட்டில் செதுக்கும் முறை நிலைபெற்றது. செதுக்குநர் வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஐந்து கூருள்ள கருவியால் கோடுகளை இழுப்பார். நோட்டின் தலைகளை முத்திரை உளியால் அடித்துப் பதிப்பார். எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே செய்வார்.

மென்பொருளுக்குப் பிடிபடக் கடினமாக இருந்தது இவர்களுடைய கண்ணளவுதான். ஒரு ஹாஃப் நோட், குவார்ட்டர் நோட்டைவிட இரு மடங்கு நேரம் ஒலிக்கும். அதற்காகத் தாளிலும் இரு மடங்கு இடம் விட்டால் வரியில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். செதுக்குநர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்வார். ஷார்ப் குறி குறுக்கிட்டாலோ, கீழே பாட்டின் நீண்ட சொல் வந்தாலோ அந்த அளவையும் மாற்றுவார். இதை விதியாக எழுதித் தருவது நிரலாளர்களுக்குப் பல பத்தாண்டு வேலையாயிற்று.

ஆய்வுக்கூடக் காலம்

அமெரிக்காவில் ஸ்டீபன் பாவர்-மெங்கல்பெர்க் 1960-களில் உருவாக்கிய டார்ம்ஸ், இசைத்தாளைத் துளையட்டைகளில் எழுத்துகளாகவும் எண்களாகவும் பதியும் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் லேலண்ட் ஸ்மித் 1970-களின் தொடக்கத்தில் தொடங்கிய நிரல், பின்னாளில் ஸ்கோர் என்ற பெயரில் 1987-இல் தனிக்கணினிக்கு வந்தது. இதில் ஒரே பகுதியை ஐந்து சுற்றாகத் தட்டச்ச வேண்டும்: முதலில் சுரங்கள், அடுத்து கால அளவுகள், பிறகு அழுத்தக் குறிகள், நோட்டுகளின் வால்களை இணைக்கும் கட்டைகள், கடைசியாக வளைகோடுகள். சிரமமான முறைதான். ஆனாலும் பக்கத்தில் ஒவ்வொரு குறியின் இடத்தையும் துல்லியமாகத் தீர்மானிக்க முடிந்ததால் பதிப்பகங்கள் இதை நெடுங்காலம் கைவிடவில்லை.

சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் சேவரோ ஆர்ன்ஸ்டீனும் ஜான் மேக்ஸ்வெல்லும் 1980 வாக்கில் உருவாக்கிய மாக்கிங்பேர்டு வேறு வழியில் சென்றது. இசையமைப்பாளர் கீபோர்டில் வாசிப்பார், வாசித்தது திரையில் தோன்றும், மவுஸால் திருத்திக்கொள்வார். இசையமைப்பாளர் லியோ ஆர்ன்ஸ்டீனின் மகனான சேவரோவுக்குக் கையெழுத்துப் பிரதியைப் படியெடுக்கும் பாடு வீட்டிலேயே தெரிந்த ஒன்று. மாக்கிங்பேர்டு விற்பனைக்கு வரவில்லை. எனினும் வாசி, பார், திருத்து என்ற அதன் நடைமுறையே இன்றுவரை தொடர்கிறது.

மேசைக்கணினிக் காலம்

1983-இல் வந்த மிடி தரம், எந்தக் கீபோர்டையும் எந்தக் கணினியோடும் பேச வைத்தது. 1984-இல் மெக்கின்டாஷ் வந்தபின் படத்திரையும் மவுஸும் இசையமைப்பாளரின் மேசைக்கே வந்துசேர்ந்தன. பில் ஃபாரண்ட் எழுதி, கோடா நிறுவனம் 1988-இல் வெளியிட்ட ஃபினாலே அதில் பெரிய வெற்றி கண்டது. ஏறக்குறைய எந்தக் குறியையும் எங்கும் வைக்க அது இடம்கொடுத்தது. அதற்கு விலையாகப் பயனர் பல கருவிகளையும் உரையாடல் பெட்டிகளையும் கற்றாக வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் இரட்டையரான பென் ஃபின், ஜோனதன் ஃபின் இருவரும் மாணவப் பருவத்தில் தொடங்கிய சிபேலியஸ், 1993-இல் ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கணினிக்கு வெளியானது. அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டதால் அதன் வேகம் வியப்பளித்தது: ஒரு நோட்டைச் சேர்த்தால் முழு ஸ்கோரும் அந்தக் கணமே தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. 1998-இல் விண்டோஸுக்கும் வந்தது. 2005-இல் வெளியான நான்காம் பதிப்பு, ஸ்கோரையும் தனி வாத்தியத் தாள்களையும் இணைத்தது. அதற்குமுன் கடைசி நேரத்தில் ஒரு சுரத்தை மாற்றினால் நடத்துநரின் ஸ்கோரில் ஒரு முறையும், வயலின்காரரின் தாளில் மறுமுறையும் திருத்த வேண்டும். ஒத்திகை நேரத்தின் பெரும் தலைவலி ஒன்று இந்த இணைப்பால் தீர்ந்தது.

எழுத்தால் இயங்கும் வழி

நெதர்லாந்தின் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் இருவரும் 1996-இல் தொடங்கிய லில்லிபாண்ட், கட்டற்ற மென்பொருள். இதில் மவுஸுக்கு வேலையில்லை. பயனர் சுரத்தின் பெயரையும் கால அளவையும் எழுத்தாகத் தட்டச்சுகிறார். நிரல் அதைத் தொகுத்துப் பக்கமாக்கித் தருகிறது. எந்தக் குறியை எங்கே வைப்பது என்ற கவலை இசையமைப்பாளருக்கு இருக்கக்கூடாது என்பது இதன் கொள்கை. கையால் செதுக்கிய பழைய பதிப்புகளை உருப்பெருக்கிப் பார்த்தே இதன் எழுத்துருவை வடிவமைத்தனர். அப்பதிப்புகளில் குறிகளின் முனைகள் சற்று மழுங்கியும், கோடுகள் தடித்தும் இருந்தன. சற்றுத் தள்ளி வைத்தாலும் தாள் தெளிவாகத் தெரிந்தது.

பரிமாற்றத் தரங்கள்

ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்பைத் தன் மொழியிலேயே வைத்திருந்ததால் ஒன்றில் எழுதிய ஸ்கோரை மற்றொன்றில் திறக்க முடியவில்லை. மிடி இதற்கு உதவவில்லை. அது வாசிப்பைப் பதியுமே தவிர, எழுத்தைப் பதியாது: சி ஷார்ப், டி ஃபிளாட் இரண்டும் மிடிக்கு 61 என்ற ஒரே எண். தாளைப் படிப்பவருக்கு அவை வெவ்வேறு. மைக்கேல் குட் உருவாக்கி 2004-இல் முதல் பதிப்பாக வெளியிட்ட மியூசிக்எக்ஸ்எம்எல் இந்த இடைவெளியை நிரப்பியது. 2015 முதல் அது உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் சமூகக் குழுவின் பொறுப்பில் இருக்கிறது. குறிகளின் வடிவங்களுக்கு ஒரே எண்வரிசை தரும் ஸ்முஃபில் தரத்தை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2013-இல் அறிமுகப்படுத்தியது.

டோரிகோ, மியூஸ்ஸ்கோர்

சிபேலியஸை 2006-இல் வாங்கிய ஆவிட் நிறுவனம், 2012-இல் அதன் லண்டன் அலுவலகத்தை மூடியது. அங்கிருந்த குழுவினரை ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் வேலைக்கு எடுத்துக்கொண்டது. டேனியல் ஸ்பிரெட்பரியின் பொறுப்பில் அவர்கள் முதலிலிருந்து எழுதிய டோரிகோ 2016 அக்டோபரில் வெளிவந்தது. பெயர், 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் பாலெஸ்திரினாவின் இசையை அச்சிட்ட வலேரியோ டோரிகோவுடையது.

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு டோரிகோவின் விடை தெளிவானது. நான்கு பீட் கொண்ட பாரில் நான்காம் பீட்டில் தொடங்கி இரண்டு பீட் நீளும் சுரத்தை எடுத்துக்கொள்வோம். பார் கோடு குறுக்கிடுவதால் தாளில் அது வளைகோட்டால் கட்டிய இரண்டு குவார்ட்டர் நோட்டுகளாகவே தோன்றும். பழைய மென்பொருள்கள் அதை இரண்டு நோட்டுகளாகவே சேமித்தன. டோரிகோவுக்கு அது இரண்டு பீட் நீளமுள்ள ஒரே சுரம். கட்டிய நோட்டுகள் அதன் தோற்றம் மட்டுமே. பாரை மூன்று பீட்டாக மாற்றினால் அதே சுரம் இரண்டாம் பாரின் முதல் பீட்டில் வந்து விழும். திரையில் தானாகவே ஒற்றை ஹாஃப் நோட்டாகிவிடும். இசையமைப்பாளர் எழுத எழுத மனம் மாறுவது இயல்பு. அந்த மாற்றத்துக்கு இம்முறை ஈடுகொடுக்கிறது.

விலை கொடுக்க முடியாதவர்களுக்கு வழி திறந்தது மியூஸ்ஸ்கோர். ஜெர்மனியின் வெர்னர் ஷ்வீர், மியூஸ்ஈ என்ற ஒலிப்பதிவு நிரலின் குறியீட்டுப் பகுதியை 2002-இல் பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கினார். முதலாம் பதிப்பு 2011-இல் வந்தது. மூல நிரல் எவருக்கும் திறந்திருப்பதால் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இதைத் திருத்தி வளர்க்கின்றனர். இதன் குறைகளைக் காணொளியில் நையாண்டியாக அலசிய மார்ட்டின் கியரியே பிறகு இதன் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றார். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு அவர் காலத்தது. இதன் எழுத்துருவுக்கு லேலண்ட் ஸ்மித்தின் நினைவாக லேலண்ட் என்று பெயர்.

ஃபினாலேயின் முடிவு

2024 ஆகஸ்ட் 26 அன்று, ஃபினாலேயை நடத்திவந்த மேக்மியூசிக் நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்ட பழைய நிரலின் மேல் புதிதாக எதையும் கட்டுவது கடினமாகிவிட்டது. டோரிகோவுக்கு மாறிக்கொள்ளப் பயனர்களுக்கு நிறுவனம் சலுகை விலை அளித்தது. ஸ்கோர்களை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றி எடுத்துச் செல்லும்படி வழிகாட்டியது. அந்த மாற்றத்தில் சுரமும் சொல்லும் பெரும்பாலும் சேதமில்லாமல் போய்ச் சேரும். கையால் நகர்த்தி நகர்த்தி ஒழுங்குசெய்த பக்க அமைப்பை மட்டும் மறுபடி செய்துகொள்ள வேண்டும்.