எஞ்சின் ஆயில் அளவு (புதிய மோட்டார் சைக்கிள்)
இந்தியாவின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் இயங்குகின்றன. அளவு குறைந்தால் மூன்றுக்கும் கேடு. விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளுக்கு, வேலூர் வெயிலில் நெடுஞ்சாலை வழியே தினமும் ஓட்டுவோர் வாரம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஹீரோ ஸ்ப்ளெண்டரில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் நுழைத்து எடுத்தால் இரு கோடுகளுக்கிடையே ஆயில் தெரிய வேண்டும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் எஞ்சின் பக்கவாட்டுக் கண்ணாடியே காட்டிவிடும். அதிகம் ஊற்றினால் ஏர் ஃபில்டர்வரை ஏறும்.

புதுப் பாகங்கள் உராய்ந்து உதிரும் உலோகத்துகள் ஆயிலில் சேர்வதால், முதல் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது. கார் ஆயில் கிளட்சை வழுக்கச் செய்யலாம். அதனால் ஆயில் டப்பாவில் மோட்டார் சைக்கிளுக்கான ஜேசோ எம்ஏ குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.